அருள் அண்ணனின் இரண்டாவது எண்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு அருள் அண்ணனின் எண்ணிலிருந்து எங்கள் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பத்தரை மணி வரை நான் அதைத் திறக்கவே இல்லை. அண்ணன் குரல் பதிவு அனுப்பினால் அது சட்டையைப் பற்றித்தான் இருக்கும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி கேமில் புதிதாக ஏதாவது கவசச் சட்டை வந்திருக்கும். அது எந்தக் குண்டைத் தாங்கும், எதைத் தாங்காது, விலாவை மூடுகிறதா இல்லையா என்று ஆற அமரச் சொல்லிக்கொண்டே போவார். சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் அன்று இயற்பியல் செய்முறைத் தேர்வு. ஆய்வக உதவியாளருக்கு அன்றைக்கு நிற்க நேரமிருக்காது. டீ நேரத்தில்தான் போனைக் காதில் வைத்தேன். அண்ணன் மனைவி ஸ்டெல்லா அக்காவின் குரல்.

"சுமதி, பஷீர் தம்பி, நான் அவுரு போன்லேருந்து பேசுறேன். அவுரு இல்லம்மா. காலையில கம்பெனி பஸ்ஸுக்கு நின்னவரு அப்டியே உக்காந்து சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சுன்னுட்டாங்க. யாருக்கு மொதல்ல சொல்றதுன்னு தெரியல. இந்த குரூப்புலதான் எந்நேரமும் பேசிக்கிட்டிருப்பாரு."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். யார் மேல் கோபம் என்று அப்போது தெரியவில்லை. இரண்டு மணி நேரம் அந்தப் பதிவைத் திறக்காமல் பையில் போட்டு வைத்திருந்த என் மேல் பாதி. மீதி யார் மேல் என்று எழுதிக்கொண்டே வருகிறேன், உங்களுக்கும் தெரிந்துவிடும்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஒரு சிறு மலர் போடுகிறோம், நீங்களும் அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று தொழிற்சாலை நண்பர்கள் கேட்டார்கள். மாதிரிக்கு வேறு யாரோ எழுதியதையும் அனுப்பியிருந்தார்கள். பண்பாளர், பாசமிக்கவர், எப்போதும் சிரித்த முகம். சிரித்த முகமாம். கிடங்கு ஜன்னலில் நின்று அவரிடம் ஒரு ஜோடி கையுறை வாங்கியிருந்தால் இதை நம்புவீர்களா? செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பாதுகாப்புக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. முகமூடி, கையுறை, கண்ணாடி, காலணி எல்லாம் அந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான் வெளியே வரும். அதைவிட அதிகமாக உள்ளிருந்து கேள்விதான் வரும். என் கணவர் ரவி அங்கே ஃபிட்டர். ஜன்னலுக்குப் போய்விட்டு வந்த நாளெல்லாம் வீட்டுக்கு வந்து திட்டுவார். அதனால் நான் எனக்குத் தெரிந்த மனிதரைத்தான் எழுதுகிறேன். அரைப் பக்கத்தில் அடங்காது. அடங்கவில்லை என்றால் யாரும் வெட்டவும் வேண்டாம்.

அவரை நான் முதலில் பார்த்தது தொழிற்சாலையின் குடும்ப விழாவில். மதியச் சாப்பாட்டுப் பந்தியில் ரவியிடம் நான் பொருமிக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக அலைந்து ஐந்தாம் தரச் சட்டை ஒன்றைக் கேமில் தேடிப் பிடித்துப் போட்டிருந்தேன். ஆறுதான் உச்சம், ஐந்து என்றால் சாதாரணமில்லை. அதைப் போட்டும் ஒரே குண்டில் போய்ச் சேர்ந்துவிட்டேன். கேம் செய்தவனுக்குக் கணக்கு வரவில்லை, ஏமாற்றுகிறான் என்று நான் கத்த, ரவி அப்பளத்தை உடைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வரிசையில் சாயம் அடித்த தலையோடு ஒருவர் லட்டைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். ஐம்பது வயசு இருக்கும்.

"மிச்சம் எவ்ளோம்மா இருந்துச்சு?" என்றார்.

"எதுல?"

"சட்டையிலதான். அஞ்சுங்கற சரி. அது பக்கத்துல இன்னொரு நம்பர் இருக்குமே. அது எவ்ளோ?"

எனக்கு ஞாபகமில்லை. பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. பெரிய எழுத்தில் ஐந்து என்று போட்டிருந்தது, அதோடு என் கண் நின்றுவிட்டது. அவர் லட்டை இலையில் வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார். "அம்பதுல ஒம்பது இருந்திருக்கும். செத்தவன்கிட்டேருந்து எடுத்தியா? அவன் சும்மாவா செத்தான், அத்தனை குண்டையும் அதுலதான் வாங்கியிருப்பான். நீ எடுத்தது பேருக்குத்தான் அஞ்சு."

ரவி என் காதில், "இவுருதான் அந்த ஜன்னல்" என்றார்.

அவருடைய மகள் படிப்பதற்காகக் கோயம்புத்தூர் போனபோது பழைய கம்ப்யூட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதில் இருந்த கேமைத் திறந்து பார்த்தவர் சுடுவதற்கு முன்னால் சட்டைகளின் பட்டியலைத்தான் படித்தாராம். ஒரு வாரம் சுடவே இல்லையாம். "நம்ம கெடங்குல இருக்கற சாமானுக்குக்கூட இவ்ளோ தெளிவா எழுதித் தர மாட்டானுங்க, பாத்தா சந்தோசமா இருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பந்திக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் அவரும் சேர்ந்து ஆட ஆரம்பித்தோம். மேல வீதியில் செல்போன் பழுது பார்க்கும் பஷீர் எனக்கு முன்பே பழக்கம், அவனும் சேர்ந்துகொண்டான். அண்ணன் கடலூர் ஓ.டி.யில், அதான் பழைய டவுனில், கோயிலில் பூசை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு ஹெட்போனை மாட்டுவார். ஐந்து மணிக்குக் கழற்றுவார். ஐந்துக்கு மேல் ஒரு நிமிஷம் இருக்க மாட்டார். ஸ்டெல்லா அக்காவோடு கடற்கரைக்குப் போக வேண்டும்.

கேமில் ஒரு கைவிடப்பட்ட துறைமுகம் வரும். முதல் தடவை அதற்குள் போனபோது, "நம்ம ஹார்பர் மாரியே இருக்கு, மீன் நாத்தம் மட்டும்தான் இல்ல" என்றார். அங்கே ஒரு கிரேன் நிழலில் உட்கார வைத்துத்தான் எனக்கும் பஷீருக்கும் பாடம் நடத்தினார். வெளியே யாரோ சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், இவர் பேசிக்கொண்டிருக்கிறார். குண்டு துளைக்காத சட்டை என்று பஷீர் எதையோ சொல்லப்போக, அங்கேயே நிறுத்தினார்.

"அப்டி ஒண்ணு கெடையாது மாப்ள. இந்தக் குண்டு, இத்தனை தடவை, இந்த எடத்துல துளைக்காத சட்டை. அவ்ளோதான் ஒலகத்துல உண்டு."

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தரம் என்ற எண் எதற்கு எதிராக என்பதைத்தான் சொல்கிறது. மூன்றாம் தரம் கைத்துப்பாக்கிக் குண்டை நிறுத்தும், பெரிய துப்பாக்கியின் உருக்குக் குண்டுக்கு அது வெறும் துணி. இரண்டாவது எண் இன்னும் எத்தனை அடி தாங்கும் என்பது. அடி விழ விழ அது குறையும், குறையக் குறைய நான்காம் தரமும் மூன்றாம் தரம் போல நடந்துகொள்ள ஆரம்பிக்கும், ஆனால் மேலே எழுதியிருக்கும் நான்கு அப்படியே இருக்கும். பீங்கான் தகடு கனமில்லை, இரண்டு மூன்று அடியில் நொறுங்கிவிடும். இரும்புத் தகடு ரொம்ப நாள் வரும், ஆனால் ஓட விடாது. பழுது பார்த்தால் எண் ஏறும், பழைய உயரத்துக்கு ஏறாது. எல்லாச் சட்டையும் நெஞ்சையும் முதுகையும் மூடும். விலாவும் அடிவயிறும் பல சட்டைகளில் திறந்தேதான் கிடக்கும். குண்டு நின்றுவிட்டாலும் அடி உள்ளே இறங்கும், உயிர் கொஞ்சம் குறையும்.

இதையெல்லாம் அவர் கையுறைப் பெட்டியின் அட்டையை வெட்டி, சீட்டுக்கட்டு அளவில், ஒரு சட்டைக்கு ஓர் அட்டையாக எழுதி வைத்திருந்தார். ரவி ஒரு நாள் அதில் மூன்றை எனக்கென்று வாங்கி வந்தார். பின்பக்கம் பழைய எழுத்து அச்சாகி இருந்தது: அமிலத்துக்கு மட்டும், கரைப்பானுக்கு அல்ல. அண்ணனுக்கு இரண்டு பக்கமும் ஒரே விஷயம்தான். "எது வருதுன்னு தெரியாம எதை மாட்டிக்கிட்டாலும் அது வெறும் துணிதான்" என்பார். இதை அவர் கிரேன் நிழலிலும் சொன்னார், கிடங்கு ஜன்னலிலும் சொன்னார் என்று பிறகு தெரிந்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்தார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் வாய்விட்டு இரண்டு எண்ணையும் சொல்ல வேண்டும். அவர் "தரம், மிச்சம்" என்று கேட்பார். பஷீர் "நாலு, முப்பத்தெட்டு" என்பான். நான் "மூணு, இருபத்தஞ்சு" என்பேன். கடைசியில் அவரும் சொல்வார். இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் யாரும் நகரக் கூடாது. பஷீர் கிண்டலடிப்பான். "மாமா, எங்க நிக்காஹ்லகூட இவ்ளோ கேள்வி கேக்கல." அண்ணன் சிரிக்க மாட்டார். "தரம், மிச்சம்" என்று மறுபடி கேட்பார்.

ஒரு தடவை நான் பொய் சொன்னேன். பதினொன்றுதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் பின்னால் நிறுத்திவிடுவார், கேமில் பொறுக்கிய சாமான் மூட்டையைக் காவல் காக்கச் சொல்வார். எனக்கு முன்னால் போக வேண்டும். "நாலு, நாப்பது" என்றேன். என்னைக் கதவோரம் நிறுத்தி, என்னை நம்பி பஷீரை வலது பக்கம் வெட்டவெளியில் அனுப்பினார். கதவு திறந்ததும் இரண்டே குண்டு, நான் காலி. மறைப்பு போனதும் பஷீர் காலி. பிறகு அவரும்.

"எவ்ளோ இருந்துச்சு?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

ஆட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. ஒரு கேமுக்கு இவ்வளவா என்று எனக்கும் வீம்பு, நானும் கூப்பிடவில்லை. அந்த வாரத்தின் நடுவில் அவரே கூப்பிட்டார். "பொய் சொன்னது தப்புன்னு சொல்ல வரலம்மா. ஒன் சட்டை, ஒன் உயிரு, நீ எப்டியோ போ. நீ சொன்ன நம்பர நம்பி நான் இன்னொருத்தன அனுப்பிட்டேன் பாரு. அதான் எனக்குத் தாங்கல." நான் மன்னிப்புக் கேட்டேன். பொதுவாகக் கேட்கிற ஆள் இல்லை நான். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு எதுவுமே நடக்காதது போல "தரம், மிச்சம்" என்றார்.

இனி ஜன்னல் கதை. உங்களில் சிலர் அன்று அங்கேயே இருந்திருப்பீர்கள். ஒரு குழாய் இணைப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே கரைப்பான் ஆவி மிச்சமிருக்கும். அதற்கு முகமூடியில் திருகிப் பொருத்தும் வடிகட்டி டப்பா வேண்டும். அதன் ஆயுள் சீல் பிரித்ததிலிருந்து குறைய ஆரம்பித்துவிடும். பிரித்த உடனே அண்ணன் மார்க்கரால் நேரத்தை எழுதித்தான் கொடுப்பார். ரவியிடம் இருந்தது முந்தின வாரம் வேறொரு வேலைக்குப் பிரித்தது. அதைப் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தார். பார்க்கப் புதுசு மாதிரியே இருந்ததாம், சரியான நிறப் பட்டை, சரியான வகை. போகிற போக்கில் ஜன்னலில் காட்டிவிட்டுப் போகலாம் என்று பார்த்தால் அண்ணன் அதைப் பிடுங்கி உள்ளே வைத்துக்கொண்டார். புதிய பெட்டி வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். சூப்பர்வைசர் வந்து கத்தினார். வேலை நிற்கிறது, நேரமாகிறது, ஜாஸ்தி பேசாமல் கொடு என்றார். அண்ணன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார். எலுமிச்சை சாதம், ரவிக்கு அந்த வாசனை வரை ஞாபகம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே வசைதான். "அந்தாளு கழுத்தறுக்குறான் சுமதி. அரை மணி வேலை. அவன் டப்பாவுக்கு நாங்க எல்லாம் வெயில்ல நிக்கணுமா? ஒன் கேம் ஆளுங்கல்லாம் இப்டித்தானா?" நானும் அப்போது சேர்ந்துதான் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், எதற்கண்ணே அவ்வளவு பிடிவாதம் என்று. "அந்த டப்பா வேலை செஞ்சிருக்கலாம்மா. செய்யாமலும் இருந்திருக்கலாம். எனக்கு மிச்சம் தெரியல. மிச்சம் தெரியாதத குடுக்க மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை, இணைப்பைக் கழற்றினார்கள், ரவி வீட்டுக்கு வந்தார், தோசை சாப்பிட்டார். நடக்காத ஒன்றுக்காக அண்ணனுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதுதான் என்னை உறுத்துகிற முதல் விஷயம்.

இரண்டாவது, கடைசி ஞாயிறு. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாளாக எழுந்து எழுந்து நடந்துகொண்டிருக்கிறேன்.

அன்று எங்கள் வீட்டுக்கு நாத்தனார் குடும்பம் நாலரைக்கு வருவதாக இருந்தது. ஒரே ஓர் ஆட்டம், சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று பரபரத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வழக்கம் போலக் கேட்டார். பஷீர் சொன்னான், நான் சொன்னேன். அவர் முறை வந்தபோது "ஆறு" என்றார். அதோடு நிறுத்திவிட்டார். ஹெட்போனில் மூச்சு வாங்குவது கேட்டது. மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். பஷீர்கூட, "மாமா, மிச்சம்?" என்று ஆரம்பித்தான். நான்தான், "அவுருக்கு என்னடா, ஆறு போட்டிருக்காரு, கெளம்பு, எனக்கு நேரமாவுது" என்றேன். கிளம்பினோம். உள்ளே போன மூன்றாவது நிமிஷம் அண்ணன் முதல் குண்டிலேயே விழுந்தார். அவருடைய சட்டையில் ஏழுதான் மிச்சம் இருந்தது. சட்டையைப் பழுது பார்க்கும் சாமானை முந்தின வாரமே பஷீருக்குக் கொடுத்திருந்தாராம். "பரவால்ல, நீங்க ஆடுங்க, எனக்கு இன்னிக்கு என்னமோ முடியல" என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டார். மணி மூன்றரைகூட ஆகவில்லை. மூன்று வருஷத்தில் முடியவில்லை என்று சொல்லி அவர் ஐந்து மணிக்கு முன்னால் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. அதையும் நான் கவனிக்கவில்லை. நாத்தனாருக்குக் கேசரி கிளறப் போய்விட்டேன்.

கேமில் விழுந்ததற்கும் செவ்வாய்க்கிழமை நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த மூச்சுக்குச் சம்பந்தம் இருந்தது. ஓ.டி. கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஸ்டெல்லா அக்கா சொன்னார். "வெள்ளிக்கெழமைலேருந்தே நெஞ்ச அழுத்துதுன்னாரு சுமதி. கேஸுதான்னு சீரகத் தண்ணி குடிச்சாரு, சோடா குடிச்சாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னா, போன வருசம்தானே செக்கப் பண்ணேன், எல்லாம் நார்மல், ஃபைலு பீரோல இருக்கு போய்ப் பாருங்கறாரு. நானும் ஃபைல எடுத்துப் பாத்தேன். நார்மல்னுதான் போட்டிருந்துச்சு."

அந்த இடத்தில் என் மீதிக் கோபம் யார் மேல் என்று தெரிந்துவிட்டது. அண்ணே, உங்கள் மேல்தான். ஊரில் இருக்கிற அத்தனை பேரின் இரண்டாவது எண்ணையும் தோண்டித் தோண்டிக் கேட்டீர்கள். ஒரு வாரத்துக்கு முன் பிரித்த டப்பாவை என் வீட்டுக்காரர் கையிலிருந்து பிடுங்கினீர்கள். ஒரு வருஷத்துக்கு முன் பிரித்த ஃபைலை நம்பி நாலு நாள் சீரகத் தண்ணி குடித்தீர்களே, இது என்ன நியாயம்? ரவி இப்படிச் செய்திருந்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பீர்களா இல்லையா? இதைக் கேட்க எனக்கு உரிமையில்லை என்பதும் தெரிகிறது. நீங்கள் "ஆறு" என்று சொல்லி நிறுத்தியபோது கேட்டிருக்க வேண்டியவள் நான். உங்கள் வழக்கம் அது, எனக்காகவும் பஷீருக்காகவும் நீங்கள் வைத்தது, அதை உங்களுக்கு அந்த ஒரு தடவை நான் செய்யவில்லை. பஷீர் அன்று கல்லறைத் தோட்டத்து மதிலோரம் நின்று, "நான் கேக்கத்தான்க்கா வந்தேன், நீங்கதான் வேணாம்னீங்க" என்றான். குற்றம் சொல்லிச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னான்.

இப்போது கிடங்கு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புதிய ஆளை இன்னும் போடவில்லை. ஜன்னல் நாள் முழுக்கத் திறந்தே இருக்கிறது. டப்பாக்களை ஒரு பெட்டியில் போட்டு வெளி மேசையில் வைத்திருக்கிறார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், வேலை முடிந்தால் திரும்பப் போட்டுவிடலாம். பிரித்ததும் பிரிக்காததும் ஒரே பெட்டியில். ரவி இதை வீட்டில் வந்து நல்ல செய்தி மாதிரி சொன்னார். "இப்பதான் நிம்மதி சுமதி. ஒருத்தனும் ஒரு கேள்வி கேக்கறதில்ல."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆண்டுப் பராமரிப்பு தொடங்கிவிட்டது, தினமும் குழாய் கழற்றுகிற வேலைதான். காலையில் சாப்பாடு கட்டிக் கொடுக்கும்போதே கேட்க ஆரம்பித்தேன். இன்றைக்கு என்ன வேலை, என்ன வருகிறது அதிலிருந்து, டப்பா எப்போது பிரித்தது. முதல் நாள் ரவி சிரித்தார். இரண்டாம் நாள், "நான் என்ன ஒன் கேம்ல வர்ற பொம்மையா?" என்று எரிந்து விழுந்தார். மூன்றாம் நாள் டிபன் பாக்ஸை எடுக்காமலே போய்விட்டார். நான் பேருந்து நிலையம் வரை ஓடிப் போய், கம்பெனி பஸ் ஜன்னல் வழியாக அதைக் கொடுத்தேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்க்க மறுபடி கேட்டேன். "டப்பா எப்ப பிரிச்சது?" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்சீட்டில் யாரோ, "ஜன்னல் சிதம்பரத்துக்கு மாத்தலாகி வந்துருச்சு போல" என்றார்கள். பஸ் முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்களில் இதைப் படிக்கிறவர்களும் இருப்பீர்கள். பரவாயில்லை.

இந்தக் கட்டுரையை இங்கேயே முடிப்பதாக இருந்தேன். அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தவை மூன்று அட்டைகள், ஸ்டெல்லா அக்கா கொடுத்த ஹெட்போன் என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம் என்று ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணி இருக்கும். ரவி வேலை நேரத்தில் கூப்பிட மாட்டார். போனில் அவர் பெயர். இந்த முறை உடனே எடுத்தேன்.

"சுமதி, பயப்படாத. ஒண்ணும் ஆவல."

"என்ன ஆச்சு?"

"பெட்டியில ஏழெட்டு டப்பா கெடக்கு. ஒண்ணுலகூட மார்க்கர்ல நேரம் எழுதல. யாரு எப்ப பிரிச்சாங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியல. எனக்கு மிச்சம் தெரியல, நான் போவ மாட்டேன்னுட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ கத்துவது கேட்டது.

"சூப்பர்வைசரா?"

"ஆமா. புதுப் பெட்டி வந்தாதான் ஆச்சுன்னு சொல்லிட்டேன். ஜன்னலுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன். மொதல்ல நான் மட்டும்தான் உக்காந்தேன். இப்ப நாலு பேரு இருக்கோம்."

"வெயிலா இருக்கா?"

"இருக்கு."

"உக்காந்திரு" என்றேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று இதை எழுதி முடிக்கும் இந்த நேரம் வரை எனக்குத் தெரியாது. புதுப் பெட்டி வந்ததா, அவருக்கு மெமோ கொடுத்தார்களா, அந்த நாலு பேர் ஐந்தானார்களா என்று எதுவும் தெரியாது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அட்டைகளையும் ஹெட்போனையும் பற்றி எழுதியதை அடித்துவிட்டேன். அருள் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்விதான். மிச்சம் எவ்வளவு? ரவியிடம் கேட்பேன், பஷீரிடம் கேட்பேன், ஸ்டெல்லா அக்காவை அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் அவருக்காகவும் டாக்டரிடம் கேட்கப்போகிறேன். பஸ்ஸில் சிரித்தவர்களே, உங்களையும் விடப்போவதில்லை. எரிச்சல் வந்தால் வரட்டும். அவர் இருந்தபோது அவரிடம் கேட்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. நேரமாகிறது, கிளம்பு என்று சொல்லிவிட்டேன்.